லெமன் பாம் புதராக வளர்கிறது, மணம் மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

கேத்திக்காரி | ஜூலை 6

எல்லோருக்கும் வணக்கம். இது கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நர்சரியில் "லெமன் பாம்" (டீயில் போடும், எலுமிச்சை மணமுள்ள ஐரோப்பிய மூலிகை) என்று கேட்டு ஒரு செடி வாங்கினேன். எந்த நர்சரி என்று கேட்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து இளஞ்சிவப்பாக ஒரு பூ பூத்தது. அப்போதுதான் தெரிந்தது, அது எலுமிச்சை வாசனையுள்ள ஜெரேனியம். அதுவரை வீட்டில் எல்லோரும் அதைத்தான் டீயில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம். மாமியார் "தூக்கம் நன்றாக வருகிறது" என்று வேறு சொன்னார்.

சரி, அது போகட்டும். இந்த ஜனவரியில் குன்னூரில் ஒரு தோழி வீட்டிலிருந்து உண்மையான லெமன் பாம் பதியன் வந்தது. வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்தியின் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். மார்ச்சில் ஒரு இலையைக் கிள்ளினால் போதும், கையெல்லாம் மணக்கும். இப்போது முழங்கால் உயரம், இலை ஒவ்வொன்றும் வெற்றிலைக் கொழுந்து அளவு. ஆனால் கசக்கி முகர்ந்தால் வெறும் புல் வாசனை. மூன்று வாரமாக இங்கே வெயிலைப் பார்க்கவில்லை, மேகமும் தூறலும்தான். கொஞ்சம் பறித்து அடுப்பு மேடைக்கு மேலே கட்டிக் காயவைத்தேன். அது வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது.

செடிக்கு நோயா, என் மூக்குக்கு நோயா?

---

தேயிலைத்தூள் | ஜூலை 6

அம்மா, ஒரு தடவை ஏமாந்திருக்கிறீர்கள், அதனால் முதலில் ஆள் சரியா என்று பார்த்துவிடுவோம். தண்டை விரலில் உருட்டினால் நான்கு முனை தட்டுப்பட வேண்டும். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதே குடும்பம், எல்லாவற்றுக்கும் சதுரத் தண்டுதான். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். ஓரம் வட்ட வட்டமான பல், மேல்பக்கம் சுருக்கம் விழுந்த மாதிரி, லேசாக ரோமம். பூ வந்தால் சின்னதாக, வெள்ளையாக, இலைக்கணுவைச் சுற்றி வரும். இளஞ்சிவப்பில் கொத்தாகப் பெரிய பூ வந்தால் அது உங்கள் பழைய ஜெரேனியம்தான்.

இந்தப் பெயர் குழப்பத்துக்கு நாமும் ஒரு காரணம். தமிழில் இதற்குப் பழைய பெயர் இல்லை. எலுமிச்சைப் புல்லையும் லெமன் பாம் என்கிறார்கள், லெமன் வெர்பினாவையும் என்கிறார்கள். என் பேரன் "தாத்தா, தோட்டத்தில் பாம் வச்சிருக்கார்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, டீச்சர் போன் செய்து கேட்கும்படி ஆனது.

செடி சரியானதுதான் என்றால், உங்கள் கதை எனக்குப் புதிது இல்லை. நான் முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவன். மழைக்காலத்தில் கொழுந்து குவியும், மூட்டை மூட்டையாக வரும். கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பகலில் வெயிலும் இரவில் கடும் குளிருமாக இருக்கும்போது, கொழுந்து கொஞ்சம்தான் வரும். நீலகிரித் தேயிலையில் மணத்துக்குப் பேர் போனது அந்தப் பனிக்கால இலைதான். உங்கள் செடியும் அதே மலையில்தான் நிற்கிறது.

---

கேத்திக்காரி | ஜூலை 7

தண்டு சதுரம்தான், பார்த்துவிட்டேன். பூ வரவில்லை. ஆனால் தேயிலைக்கு நடப்பது இதற்கும் நடக்குமா, சார்? ஐரோப்பாவில் மழை பெய்யாதா என்ன?

---

மலைப்பூண்டு | ஜூலை 7

அக்கா, கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஏழு வருஷமாக இந்தச் செடி இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள்: என்ன எரு போட்டீர்கள்?

---

கேத்திக்காரி | ஜூலை 7

நடும்போது இரண்டு கூடை மாட்டுச்சாணம். அப்புறம் கேரட்டுக்குப் போட்ட உரம் அந்த ஓரத்துக்கும் போயிருக்கும். யூரியாவும் ஒரு தடவை.

---

மலைப்பூண்டு | ஜூலை 8

அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இந்தச் செடியின் சொந்த ஊர் மத்தியதரைக்கடல் பக்கம், அங்கிருந்து ஈரான் வரை. மழை பெய்யாது என்று இல்லை. ஆனால் கோடையில் காய்ந்த மண், நல்ல வெயில். மணம் என்பது இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுரப்பிகளில் இருக்கும் எண்ணெய். தழைச்சத்து அதிகமாகக் கொடுத்து நிழலில் வைத்தால், செடி இலையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். இருக்கிற கொஞ்சம் எண்ணெய் அவ்வளவு பெரிய இலையில் பரவிக் காணாமல் போய்விடும். மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரி.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். இப்போதே, மழை விட்ட ஒரு நாளில், தரையிலிருந்து நான்கு விரல் விட்டு மொத்தத்தையும் அறுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், அறுக்க அறுக்கத் தூரிலிருந்து துளிர்க்கும். கூட்டமாக இருந்தால் காற்று போகாது. இந்த ஈரத்தில் இலைமேல் சாம்பல் நோய் வந்துவிடும், அடி இலையெல்லாம் நத்தைக்குப் போகும். அறுத்த பிறகு எரு எதுவும் போடாதீர்கள். அடுத்து மண்ணைப் பாருங்கள். உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் புளிப்பு மண். தேயிலைக்கு அது சரி, இதற்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறிவிட்டால் போதும்.

முக்கியமானது இடம். சில்வர் ஓக் அடியில் வேண்டாம். வத்தலக்குண்டில் இருப்பவர்களுக்கு நிழல் வேண்டும், மலையில் இருக்கும் நமக்கு வெயில்தான் வேண்டும். தூரைத் தோண்டி மண்வெட்டியால் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, ஒன்றரை அடி இடைவெளியில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். எப்படியும் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பிளந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கட்டை தட்டிப்போகும்.

உங்களுக்கு ஆனி ஆடியில் நடப்பது எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் நடக்கும், கொடைக்கானலில் பெரிய மழை அப்போதுதான். அந்த இரண்டு மாதம் நான் இந்தச் செடியை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் வருத்தம்தான்.

---

வத்தலக்குண்டு வெயில் | ஜூலை 8

என் பெயரைச் சொன்னதால் வந்தேன். கொடைக்கானலிலிருந்து மூன்று தடவை தொட்டியில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றும் சித்திரை தாண்டவில்லை. நான்காவது இப்போது கிணற்றடியில், முருங்கை நிழலில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

---

சோலைக்குருவி | ஜூலை 9

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நமக்குத் துளசி இருக்கிறது, எலுமிச்சைப் புல் இருக்கிறது. இன்னொரு வெளிநாட்டுச் செடியை மலைக்குள் கொண்டுவந்துதான் ஆக வேண்டுமா? வாட்டில் என்கிற சீகை மரமும் இப்படித்தான் வந்தது. கோர்ஸ் முள்ளும் ஸ்காட்ச் புரூமும் அழகுக்காகவும் வேலிக்காகவும் வந்தவைதான். உண்ணிச்செடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புல்வெளியும் சோலையும் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். புதினா வகை எல்லாமே ஓடும் செடி.

---

தேயிலைத்தூள் | ஜூலை 9

நியாயமான கேள்விதான். ஆனால் தம்பி, தேயிலையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் எந்தச் சோலையில் முளைத்தவை? ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-ல் ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மலையில் வெளிச்செடிதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் சரி என்று சொல்லவில்லை. எது ஓடும், எது ஓடாது என்று செடிக்குச் செடி பார்க்க வேண்டும் என்கிறேன்.

---

மலைப்பூண்டு | ஜூலை 9

குருவி அண்ணா, புதினா மண்ணுக்கடியில் தண்டு விட்டு ஓடும். இது அப்படி ஓடாது, தூர் கட்டித்தான் பெருக்கும். மற்ற நாடுகளில் இது பரவுவது விதையால்தான். ஒரு செடியிலிருந்து தோட்டம் முழுக்க முளைத்துவிட்டது என்று அங்கே திட்டுவார்கள்.

என் அனுபவத்தில் இங்கே அந்தப் பயம் குறைவு. ஏழு வருஷத்தில் என் செடி ஒழுங்காகப் பூத்தது இரண்டே தடவை, அதுவும் நாலைந்து கிளையில். கோடையில் நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கும் செடி இது என்று நினைக்கிறேன். அதன் ஊரில் ஜூனில் 15 மணி நேரம் பகல் இருக்கும். நமக்கு ஜூனிலும் 13 மணி நேரத்தைத் தொடாது. அது பாவம், கோடை வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கிறது போல.

ஆனாலும் பூத்தால் விதை முற்றுவதற்குள் வெட்டிவிடுகிறேன். பூத்த பிறகு இலையின் மணமும் குறைந்துவிடும், அதனால் வெட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. காட்டோரத்தில் வீடு இருப்பவர்கள் கட்டாயம் வெட்ட வேண்டும், அதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

---

சோலைக்குருவி | ஜூலை 10

வெட்டுவீர்கள் என்றால் எனக்குச் சண்டை இல்லை. வெட்டியதை ஓடைப்பக்கம் கொட்டாதீர்கள்.

---

தேன்பெட்டி | ஜூலை 10

ஐயோ, பூ வராதா? தாண்டிக்குடியில் காப்பிப் பூ முடிந்த பிறகு தேனீக்கு என்ன வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தச் செடியின் அறிவியல் பெயரில் வரும் மெலிசா என்றால் கிரேக்கத்தில் தேனீ என்று அர்த்தம், அதை நம்பித்தான் போன வருஷம் இருபது செடி வைத்தேன். ஒரு பூ இல்லை!

ஆனால் இன்னொரு பயன் இருக்கிறது. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனியில் நசனோவ் சுரப்பி என்று ஒன்று உண்டு. "வீடு இங்கே, வாருங்கள்" என்று கூட்டாளிகளைக் கூப்பிட அதிலிருந்து ஒரு வாசனை விடும். அதில் சிட்ரால் என்ற மணப்பொருள் இருக்கிறது. லெமன் பாம் இலையின் எலுமிச்சை மணத்துக்கும் முக்கியக் காரணம் அதே சிட்ரால்தான். கூட்டம் பிரிந்து போகும் காலத்தில் காலிப் பெட்டியின் உள்சுவரில் இந்த இலையைக் கசக்கித் தேய்த்து வைப்பது ரோமானியர் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். நான் நாலு பெட்டியில் தேய்த்தேன், இரண்டில் அடுக்குத் தேனீ குடியேறியது. இலைக்காக வந்ததா, இடம் பிடித்து வந்ததா என்று தேனீயைத்தான் கேட்க வேண்டும். எலுமிச்சைப் புல்லிலும் சிட்ரால் நிறைய, அதையும் சிலர் தேய்க்கிறார்கள்.

---

கேத்திக்காரி | ஜூலை 12

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு மணி நேரம் மழை விட்டது, அறுத்துவிட்டேன். மொட்டையடித்த மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர் "கொன்றுவிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாகப் பிளந்து மேட்டில் வெயில் படும் பக்கம் நட்டிருக்கிறேன்.

அறுத்த தழை ஒரு கூடை இருக்கிறது. மணம் இல்லாவிட்டாலும் எறிய மனசு வரவில்லை. காயவைப்பது எப்படி? அப்புறம் பாலில் போட்டால் திரிந்துபோகுமா? எலுமிச்சை ஆயிற்றே.

---

தேயிலைத்தூள் | ஜூலை 12

பால் திரியாது. திரிய வைப்பது எலுமிச்சம்பழத்தின் புளிப்பு. இந்த இலையில் இருப்பது அதன் மணம் மட்டும். நான் பால் டீயிலேயே போடுகிறேன், ஆனால் கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். டீயை இறக்கி, நாலு இலையைக் கையால் கிழித்துப் போட்டு, மூடி வைத்து, ஐந்து நிமிஷம் கழித்து வடிகட்டுங்கள். மூடி முக்கியம். மூடாவிட்டால் சமையலறை மணக்கும், டீ மணக்காது.

காயவைப்பதைப் பற்றி: அடுப்புக்கு மேலே கட்டியதுதான் தப்பு. 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும், நிழலில், காற்றோட்டத்தில், ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நாளில் சருகு மாதிரி நொறுங்க வேண்டும். ஜூலையில் கேத்தியில் இது நடக்கவே நடக்காது. நாலாவது நாள் கறுத்துப் போய் பூஞ்சை வாசனைதான் வரும். நன்றாகக் காய்ந்தாலும் பச்சை இலையின் மணத்தில் பாதிகூட நிற்பதில்லை. துளசி, புதினாவை விட இது மோசம். அதனால் பனிக்காலத்தில் காலைப் பனித்துளி உலர்ந்ததும் பறித்து, அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். மிச்சத்தை நறுக்கி ஐஸ் தட்டில் தண்ணீரோடு உறைய வைக்கலாம். தேனில் போட்டு மூன்று வாரம் வைப்பதும் உண்டு.

அந்தக் கூடைத் தழையை வெந்நீரில் போட்டுக் கால் நனையுங்கள். வேறு எதற்கும் ஆகாது.

---

மலைப்பூண்டு | ஜூலை 13

எங்கள் வீட்டில் ரசத்தில் போடுகிறோம். ரசத்தை இறக்கியதும் கொத்தமல்லியோடு ஆறேழு இலை. தக்காளி குறைவாக, மிளகும் பூண்டும் தூக்கலாக வைக்கிற ரசத்துக்குப் பொருந்தும். புளி அதிகமானால் இதன் மணம் தெரியாது. தேங்காய்ச் சட்னியில் புதினாவுக்குப் பதில் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சோப்பு மாதிரி இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

---

கேத்திக்காரி | ஜூலை 13

மாமியாருக்குத் தினமும் ராத்திரி இந்த டீ போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜெரேனியத்துக்கே தூக்கம் வந்தவர். தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார், மற்றபடி நல்ல ஆரோக்கியம்.

---

மாத்திரைச்சீட்டு | ஜூலை 13

கோத்தகிரியிலிருந்து. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுத வேண்டியதாயிற்று.

அக்கா, கொஞ்சம் பொறுங்கள். மனப் பதற்றம் லேசாக இருக்கும்போதும் தூக்கத்துக்கும் அஜீரணத்துக்கும் இந்த இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். அந்த மரபுப் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்துகள் முகமையும் ஏற்றிருக்கிறது. யுனானியில் பாத்ரஞ்ச்போயா என்று மனசுக்கும் இதயத்துக்கும் கொடுப்பார்கள், பாரசீக மருத்துவர் இப்னு சீனா காலத்துப் பழக்கம். ஆனால் ஆய்வகச் சோதனைகளில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் தன் இடத்தில் போய் ஒட்டுவதை இதன் சாறு தடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ரசத்தில் ஆறு இலை போடுவது வேறு, தினமும் மருந்து மாதிரிக் குடிப்பது வேறு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படித்தான், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும். கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

---

வத்தலக்குண்டு வெயில் | ஜூலை 14

மலைக்கு வந்தபோது ஒரு கடையில் "சுத்தமான லெமன் பாம் எண்ணெய்" 15 மில்லி 150 ரூபாய் என்று இருந்தது. வாங்கலாமா? செடிதான் எனக்கு வளர மாட்டேன் என்கிறது.

---

தேயிலைத்தூள் | ஜூலை 14

நூறு கிலோ காய்ந்த இலையை வடித்தால் 100 கிராமிலிருந்து 300 கிராம் வரை எண்ணெய் வரும். 150 ரூபாய்க்கு அதை யார் தருவார்? உலகச் சந்தையிலேயே இந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி எலுமிச்சைப் புல் எண்ணெயோ சிட்ரோனெல்லாவோ கலந்தது. தரையைத் துடைக்க நன்றாக இருக்கும். தைலம் வேண்டுமென்றால் நல்ல யூகலிப்டஸ் தைலம் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

---

கேத்திக்காரி | டிசம்பர் 29

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். செப்டம்பரில் நன்றாகத் துளிர்த்தது. அக்டோபர் வெயில் நாட்களில் மணம் பாதி திரும்பியது. ஒரு ராத்திரி காட்டெருமை பாத்திக்குள் வந்து கேரட் தழையெல்லாம் தின்றுவிட்டு, லெமன் பாம் மேல் மிதித்துவிட்டுப் போனது. தின்னவில்லை. மிதித்த இடமெல்லாம் மணந்தது, அதுவே எனக்குச் சந்தோஷம்!

இப்போது வேறு பிரச்சினை. முந்தாநாள் உறைபனி. காலையில் பாத்தி முழுக்க உப்புக் கொட்டியது போல வெள்ளை. இலை நுனியெல்லாம் கறுத்துவிட்டது. போய்விட்டதா?

---

மலைப்பூண்டு | டிசம்பர் 29

போகாது. ஐரோப்பாவில் மாதக்கணக்கில் பனி மூடிய மண்ணுக்குள் கிடந்து மறுபடி துளிர்க்கிற செடி அது. இலை கருகும், தூர் சாகாது. கறுத்ததை மட்டும் கிள்ளுங்கள். சாயங்காலம் மிலார் (சிறு கிளைகள்) வெட்டி மேலே போட்டு மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் கருகல் குறையும். கேரட்டுக்குச் செய்வதுதானே.

---

கேத்திக்காரி | பிப்ரவரி 17

தேயிலைத்தூள் சாருக்கு: நீங்கள் சொன்ன பனிக்காலக் கொழுந்து வந்துவிட்டது. இலை சின்னது, கட்டை விரல் நகம் அளவுதான், கொஞ்சம் தடிப்பு. இரண்டு இலை போட்ட டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவதற்குள் வீட்டுக்காரர் "எலுமிச்சை பிழிந்தாயா, பால் திரியாதா?" என்றார்.

மாமியார் விஷயம்: டாக்டர் தினமும் வேண்டாம் என்றுவிட்டார். "அந்தப் பழைய செடி இருக்கிறதே, அதைப் போடு" என்கிறார் மாமியார். அதையும் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று ரோஜாப் பதியன் வாங்க அதே பழைய நர்சரிக்குப் போனேன். வாசலிலேயே ஜெரேனியம் ஒரு வரிசை, அதே "லெமன் பாம்" அட்டையோடு, 80 ரூபாய். சண்டை போட மனசில்லை. இன்று காலை என் செடியிலிருந்து வேர் விட்ட ஒரு துண்டைக் கொண்டுபோய், "அண்ணா, இதுதான் லெமன் பாம், வைத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்று கொடுத்தேன். அவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். அப்புறம் பரிதாபமாக என்னைப் பார்த்து, "யாரோ உங்களை ஏமாத்திட்டாங்கம்மா. இது ஏதோ புதினா" என்றார்.

---

தேயிலைத்தூள் | பிப்ரவரி 17

அடுத்த மாதம் போய்ப் பாருங்கள். "எலுமிச்சை புதினா" என்று அட்டை மாட்டி 120 ரூபாய்க்கு விற்பார்.